ஜூலியஸ் சீசரைத் தமிழில் போடுகிறோம். சீசர் பாதியிலேயே செத்துப்போகிறார், எங்கள் பெரியவர் கோபத்தில் இருக்கிறார்

தண்ணீர்மலை_வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் நாங்கள் ஒரு சின்ன நாடகக் குழு, மொத்தமே பதினொரு பேர். ஒருவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட், ஒருவர் டியூஷன் எடுக்கிறார், இன்னொருவர் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார், எல்லாருக்கும் ஒத்துவருவது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். ஜெலுத்தோங்கில் ஒரு மண்டபத்தில் கூடி ஒத்திகை பார்ப்போம். இதுவரை குடும்பக் கதை, நகைச்சுவை என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை யாரோ ஆசைப்பட்டு (சரி, நான்தான்) ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரைத் தமிழில் போடலாமே என்று சொல்லப்போக, எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். மாட்டிக்கொண்டேன்.

சிக்கல் எங்கே என்றால், சீசர் வேஷம் எங்கள் குழுவிலேயே மூத்தவருக்கு. முப்பது வருஷமாக மேடை ஏறுபவர். பிரதியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தலைப்பில் என் பேரு, ஐந்து அங்கத்தில் மூன்றாவதிலேயே என்னைப் பாயில் கிடத்திவிட்டால் மீதிக்கு நான் என்ன, டிக்கெட் கிழிக்கவா?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. இது யாருடைய கதை? சீசருடையதா, அவரைக் கொல்கிற நண்பன் புரூட்டஸுடையதா?

அப்புறம், அந்த ஆளை ஏன் கொன்றார்கள் என்பதே என் குழுவுக்கு உறைக்கவில்லை. "ராஜாவாக ஆசைப்பட்டான், அதனால் என்ன?" என்கிறார்கள். பதினொரு பேரை வைத்து ரோமாபுரிக் கூட்டத்தை எப்படிக் காட்டுவது என்று வேறு முழிக்கிறேன். எல்லாவற்றையும் விட, சீசரின் பிணத்தை வைத்துக்கொண்டு அவர் நண்பன் அந்தோணி ஊராரிடம் பேசுகிற பேச்சு. அதில் புரூட்டஸைப் பற்றி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறானே, அதற்கு 'மாண்புமிகு' என்று போட்டிருக்கிறேன். வாசித்துக் காட்டியதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_வாத்தியார் எழுதியது:

அம்மா, முதலில் உங்கள் பெரியவரைச் சமாதானப்படுத்துவோம். உயிரோடு இருக்கும் சீசர் மொத்தம் மூன்றே காட்சிகளில்தான் வருகிறார், அது உண்மை. புரூட்டஸுக்கு அவரைவிடப் பல மடங்கு வசனம். ஆனால் செத்த பிறகு சீசர் எங்கே போகிறார்? நான்காம் அங்கத்தில் நள்ளிரவில் புரூட்டஸின் கூடாரத்துக்கு ஆவியாக வருகிறார், அதை நடிக்க உங்கள் பெரியவர்தான் வேண்டும். ஐந்தாம் அங்கத்தில், புரூட்டஸைச் சதிக்கு இழுத்த காசியஸ் சாகும்போது, உன்னைக் கொன்ற அதே வாளாலேயே பழி தீர்ந்தது சீசர் என்று சொல்லித்தான் சாகிறான். புரூட்டஸும், இனி நீ அமைதி கொள் சீசர் என்று சொல்லிவிட்டே வாள்மேல் பாய்கிறான். ஆளைக் கொல்ல முடிந்தது, பெயரைக் கொல்ல முடியவில்லை. உயிரோடு இருந்தபோது இல்லாத பலம் பிணத்துக்கு வந்துவிடுகிறது. நம் ஊரில் இறந்துபோன தலைவரின் படத்தை இன்னும் மேடைக்குப் பின்னால் மாட்டிவைக்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவருக்குப் புரிந்துவிடும்.

நடிப்பதற்கும் அந்த மூன்று காட்சிகளில் தீனி இருக்கிறது. தன்னைப் பற்றிப் பேசும்போதே 'நான்' என்று சொல்லாமல் 'சீசர் போவார்', 'சீசர் வரமாட்டார்' என்று பெயர் சொல்லிப் பேசுகிற மனிதர். எனக்கு எதற்கும் பயமில்லை, நான் எப்போதும் சீசர்தான் என்று முழங்கிவிட்டு, அடுத்த வரியிலேயே 'வலப்பக்கமாக வா, இந்தக் காது கேட்காது' என்பார். அந்தக் காது ஷேக்ஸ்பியர் சேர்த்தது. அந்த இடத்தை உங்கள் பெரியவர் ஒழுங்காகப் பிடித்தால் போதும்.

ராஜா விஷயத்துக்கு வருவோம். நமக்கு அரசன் என்றால் சேரன், சோழன், பாண்டியன், கோயில், குளம், பெருமை. ரோமானியருக்கு 'ரெக்ஸ்', அதாவது அரசன், என்பது கிட்டத்தட்ட வசவு. கி.மு. 509இல் கடைசி அரசனைத் துரத்திவிட்டுக் குடியரசு அமைத்தார்கள் என்பது அவர்கள் மரபு. அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு கான்சல், அதாவது ஆட்சித் தலைவர்கள், இருவரும் சமம், ஒருவர் மற்றவரைத் தடுக்கலாம், வருஷம் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். சர்வாதிகாரி என்ற பதவி இருந்தது, ஆனால் அது ஆபத்துக் காலத்துக்கு, அதிகபட்சம் ஆறு மாதம். சீசர் கி.மு. 49இல் படையோடு தாண்டக்கூடாத எல்லையான ரூபிகான் ஆற்றைப் படையோடு தாண்டினார், அடுத்த வருஷம் எதிரித் தளபதி பாம்பேயைத் தோற்கடித்தார், கி.மு. 44 தொடக்கத்தில் வாழ்நாள் முழுவதுக்கும் சர்வாதிகாரி ஆனார். ஆறு மாதம் ஆயுள் முழுக்க ஆனது, பயந்துவிட்டார்கள். அந்தக் கடைசி அரசனை விரட்டியவன் பெயரும் புரூட்டஸ்தான் என்பதைக் குழுவிடம் சொல்லுங்கள். 'உன் முன்னோர் செய்ததை நீ செய்யமாட்டாயா' என்று காசியஸ் குத்திக் குத்தி இழுப்பது அதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீசருக்கு மூன்று முறை கிரீடம் நீட்டப்படுவதை நமக்கு மேடையில் காட்டவே இல்லை. உள்ளே கூட்டத்தின் ஆரவாரம் கேட்கிறது, வெளியே காசியஸ் புரூட்டஸின் காதைக் கடித்துக்கொண்டிருக்கிறான், ஒவ்வொரு ஆரவாரத்துக்கும் புரூட்டஸ் திடுக்கிடுகிறான். நடந்தது என்ன என்று பிறகு காஸ்கா (இவனும் பின்னால் சதியில் சேருகிறவன்) வந்து கிண்டலாகச் சொல்வதுதான் நமக்குத் தெரியும். சீசர் கிரீடத்தை உண்மையில் விரும்பினாரா? யாருக்கும் தெரியாது. அந்தச் சந்தேகத்தின் மேல்தான் கொலை நடக்கிறது. தயவுசெய்து 'காட்சி விளங்கட்டும்' என்று நீங்கள் கிரீடத்தை மேடைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

செந்தூல்_லைட்டு எழுதியது:

வாத்தியார் அரசியலைப் பார்த்துக்கொள்வார், நான் மேடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தங்கச்சி. இருபது வருஷம் விளக்குப் போட்டவன்.

இந்த நாடகம் 1599இல் லண்டனில் நடந்ததற்குச் சாட்சி இருக்கிறது. தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அந்த வருஷம் செப்டம்பர் 21ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆற்றைத் தாண்டிப் போய், வைக்கோல் கூரை வேய்ந்த கொட்டகையில் ஏறக்குறைய பதினைந்து பேர் நடித்த சீசர் நாடகத்தைப் பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார். பதினைந்து பேர்! உங்களிடம் பதினொன்று, பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஆள் இரண்டு மூன்று வேஷம் கட்டினான். பெண்கள் மேடை ஏறக்கூடாத காலம், சீசரின் மனைவி கால்பூர்னியாவும் புரூட்டஸின் மனைவி போர்ஷியாவும் பையன்கள். நம் தெருக்கூத்தில் ஸ்திரீபார்ட் இருந்ததே, அதே கதை.

ஓரத்தில்தான் கூரை, நடுவே திறந்த வானம், பட்டப்பகலில் நாடகம். விளக்கு இல்லை, திரை இல்லை, பின்னால் ஓவியம் இல்லை. ராத்திரி என்பதை எப்படிக் காட்டுவான்? ஒருவன் கையில் பந்தம், இன்னொருவன் 'போய்ப் படு, இன்னும் விடியவில்லை' என்பான், அவ்வளவுதான், ராத்திரி வந்துவிட்டது. புயலும் அப்படித்தான், பாதி இடி மேலே உருட்டும் சத்தம், பாதி இடி நடிகன் வாயில். அதனால் புரொஜெக்டரில் ரோமாபுரிப் படம் ஓட்டலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முன்திரை இல்லாததால் பிணம் ஒரு பெரிய பிரச்சினை. செத்தவன் தானாக எழுந்து போக முடியாது, யாராவது தூக்கியாக வேண்டும். அந்தோணி, சீசரின் வாரிசான ஒக்டேவியஸின் வேலைக்காரனைப் பார்த்து 'கொஞ்சம் கை கொடு' என்று சீசரைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அதுதான் காரணம். ஆனால் கெட்டிக்காரத்தனம் பாருங்கள், அப்புறப்படுத்த வேண்டிய பிணத்தையே அடுத்த காட்சிக்குச் சந்தைவெளியில் கொண்டுவந்து முக்கியப் பொருளாக்கிவிட்டான்.

ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சதிகாரர்கள் கையை முழங்கை வரை சீசரின் ரத்தத்தில் நனைப்பார்கள், பிறகு அந்தோணி ஒவ்வொருவர் கையாகக் குலுக்குவான். நாங்கள் ஒரு தடவை வேறொரு நாடகத்தில் கத்திக்குத்துக்கு ரோஸ் சிரப்பு ஊற்றினோம். நிறம் அருமை. பத்தாவது நிமிஷம் எறும்பு வந்துவிட்டது. பிணம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், பக்கத்தில் மனைவி அழுகிறாள், பிணம் மெதுவாகக் கையைத் தூக்கித் தொடையில் பட்டென்று அடித்தது. பார்வையாளர்கள் கைதட்டினார்கள். மண்டபத்துக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆகவே நீர்ப்பொருள் எதுவும் வேண்டாம். சதிகாரர்கள் உள்ளங்கையில் குங்குமம் எடுத்துக்கொள்ளட்டும். கை குலுக்கக் குலுக்க அந்தோணியின் கையும் சிவக்கும், கடைசி வரிசை வரை தெரியும், வேட்டியும் பிழைக்கும்.

அப்புறம் பிளாட்டர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார், நாடகம் முடிந்ததும் இருவர் ஆண் உடையிலும் இருவர் பெண் உடையிலும் வந்து அழகாக நடனம் ஆடினார்களாம். இத்தனை பிணம் விழுந்த பிறகு ஆட்டமா என்று நமக்குத் தோன்றும். ஆனால் பினாங்குக்காரர் நீங்கள் ஆச்சரியப்படக்கூடாது. 1870களில் பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்கள் வந்துபோனதிலிருந்து உங்கள் ஊரில்தான் பங்சாவான் என்ற மலாய் நாடகம் முளைத்தது, அவர்களும் ஷேக்ஸ்பியர் கதைகளைப் போட்டார்கள், காட்சிக்கு நடுவே பாட்டும் கூத்தும் எக்ஸ்ட்ரா டர்ன் என்ற பெயரில் வரும். சோகம் ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம். காசு கொடுத்தவனுக்கு இரண்டும் வேண்டும்.

பழைய_கணக்கு எழுதியது:

ஆளாளுக்கு நாடகத்தை வரலாறு மாதிரிப் பேசுகிறீர்கள், கொஞ்சம் பிரித்துவைப்போம். சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44 மார்ச் 15, சரி. ஆனால் நடந்த இடம் நாடகத்தில் வருகிற கேப்பிட்டல் இல்லை, பாம்பேயின் அரங்கத்தை ஒட்டிய மண்டபம். காயம் 23 என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார், நாடகத்தில் ஒக்டேவியஸ் 33 என்கிறான். சீசர் பாம்பேயின் மகன்களை வென்று ஊர்வலம் வந்தது கி.மு. 45 அக்டோபர், கிரீடம் நீட்டப்பட்ட லூபர்க்கல் திருவிழா பிப்ரவரி 15. இரண்டையும் ஒரே நாளாக்கிவிட்டார் ஷேக்ஸ்பியர். ஐந்தாம் அங்கத்தில் வருகிற பிலிப்பை போர் கி.மு. 42இல் மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை நடந்தது, காசியஸ் செத்தது முதலாவதில், புரூட்டஸ் இரண்டாவதில். மேடையில் எல்லாம் ஒரே நாள் சாயங்காலத்துக்குள் முடிகிறது.

'நீயுமா புரூட்டஸ்' என்று நாம் சீட்டு கட்டாமல் ஓடிப்போன மச்சானுக்கெல்லாம் சொல்கிறோமே, அதையும் சீசர் சொன்னதாக நம்ப இடமில்லை. புரூட்டஸும் கத்தியோடு வருவதைப் பார்த்ததும் மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டார் என்றுதான் பழைய கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க்கில் இருக்கிறது. ஷேக்ஸ்பியருக்குக் கதை கிடைத்தது அதே புளூட்டார்க்கின் 1579 ஆங்கில மொழிபெயர்ப்பில்தான், ஆனால் நாடகத்தில் சீசர் சொல்கிற 'எட் டூ, புரூட்டே' என்ற அந்த மூன்று லத்தீன் வார்த்தை அங்கே இல்லை.

ரோமில் மணிக்கூண்டு மூன்று அடிப்பது தனிக் கூத்து, அப்போது அடிக்கிற கடிகாரமே கிடையாது. என் யோசனை, ஐந்தாம் அங்கத்தை வெட்டிவிட்டு அந்தோணி பேச்சோடு முடித்துவிடுங்கள். ஜனம் அதற்குத்தான் வரும்.

பிரிக்பீல்ட்ஸ்_வாத்தியார் எழுதியது:

தேதிகள் எல்லாம் சரி தம்பி, வெட்டுவதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஐந்தாம் அங்கம் இல்லையென்றால் சீசரின் பழி எங்கே தீர்கிறது? மூன்று வாரத்தை ஒரு நாளாகச் சுருக்கியது தெரியாமல் செய்த பிழையும் இல்லை, இரண்டு மணி நேர மேடைக்கு அது தேவைப்பட்டது. கடிகாரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். விடிந்தால் கொலை, சதிகாரர்கள் சுற்றி நிற்கிறார்கள், நேரம் போகிறது என்பதை லண்டன்காரன் காதுக்குப் புரிகிற சத்தத்தில் சொன்னார். நடிகர்களும் அந்தக் கால லண்டன் உடையிலேயேதான் பெரும்பாலும் நடித்தார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் ரோமானியன்.

அந்த லண்டனையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1599இல் ராணி எலிசபெத்துக்கு 66 வயது, பிள்ளை இல்லை, அடுத்து யார் என்று வாய் திறந்து பேசுவதே ஆபத்து. ஒவ்வொரு நாடகத்துக்கும் அரண்மனைக் கேளிக்கை அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். கோலாலம்பூரில் மேடை நிகழ்ச்சிக்கு அனுமதிக் கடிதம் வாங்க அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல. சொந்த ஊர்க் கதையில் தலைவனைக் கொன்றால் கேள்வி வரும், ரோமில் கொன்றால் அது பழங்கதை.

கால்பூர்னியாவின் கனவைக் குறைக்காதீர்கள், அம்மா. சீசரின் சிலையிலிருந்து நூறு வாயாக ரத்தம் கொட்டுவதாகக் காண்கிறாள். கண்ணகியும் கனவு கண்டவள்தான், கோப்பெருந்தேவியும் கண்டவள்தான், நம் ஆட்களுக்கு இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. இங்கே புதிது, சதிகாரர்களில் ஒருவனான டெசியஸ் வந்து அதே கனவைத் தலைகீழாகத் திருப்பி, 'ரோம் உங்களால் உயிர் பெறும்' என்று பொருள் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது. ஜால்ராவின் உச்சம் அது.

அச்சுக்கூடத்து_அக்கா எழுதியது:

தமிழ்ப் பத்திரிகையில் 24 வருஷம் பிழை திருத்தியவள் நான், அதனால் அந்த ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

'மாண்புமிகு' வேண்டாம். நம் நாட்டில் அது யாங் பெர்ஹோர்மாட், அதாவது எம்.பி., அமைச்சர் பெயருக்கு முன்னால் ஒட்டுகிற பட்டம்; வாசிக்கும்போதே கண்முன்னே ஒரு அரசியல்வாதி வந்து ரிப்பன் வெட்டுகிறார். உங்கள் குழு சிரித்தது அதற்குத்தான். அந்தோணி முதல் தடவை சொல்லும்போது யாரும் சிரிக்கக்கூடாது. அதைச் சொல்லும்போது அவன் புரூட்டஸின் அனுமதியோடு நிற்கிறான், கூட்டம் முழுக்க புரூட்டஸ் பக்கம், ஒரு வார்த்தை தப்பினால் அவனும் பிணம். 'பெரிய மனுஷன்' என்றும் நினைத்துப் பார்த்தேன், அது இன்னும் மோசம், தமிழில் அந்தச் சொல் பிறக்கும்போதே பாதிக் கேலி. 'நல்லவர்' என்றால் சப்பென்று இருக்கிறது. எனக்குப் பட்டது 'கண்ணியவான்'. சுத்தமான சொல், எந்த நாற்றமும் இல்லாமல் தொடங்கும். அழுகுவது மேடையில் நம் கண்ணெதிரே நடக்க வேண்டும்.

அந்தோணி புரூட்டஸைப் பற்றி நான்கு முறை அதைச் சொல்கிறான். முதல் தடவைக்குப் பிறகு நடுநடுவே சாட்சி வைக்கிறான்: கைதிகளை மீட்ட பணம் கருவூலத்துக்குப் போனது, ஏழை அழுதால் சீசரும் அழுதார், கிரீடத்தை மூன்று முறை மறுத்தார். பிறகு 'ஆனால் புரூட்டஸ் பேராசை என்கிறார், புரூட்டஸ் கண்ணியவான்.' அந்தோணியாக நடிப்பவருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள், குரலில் கேலி துளிகூட வரக்கூடாது, நான்காவது முறைகூட. துரோகி என்ற சொல்லையும் அவன் முதலில் சொல்வதில்லை, கூட்டத்தில் ஒருவன்தான் சொல்கிறான். "துரோகிகள்! கண்ணியவான்கள்!" என்று. நம் மொழிக்கு இங்கே ஒரு யோகம், ஆங்கிலக்காரனுக்கு இல்லாதது. கூட்டத்திலிருப்பவன் ஒரே ஒரு 'ஆம்' சேர்த்தால் போதும். "கண்ணியவானாம்!" அந்த 'ஆம்' வந்த நிமிஷத்தில் புரூட்டஸ் முடிந்தான். அந்தோணி வாயில் அந்த 'ஆம்' ஒருபோதும் வரக்கூடாது.

புரூட்டஸின் பேச்சு உரைநடை, அந்தோணியின் பேச்சு செய்யுள். புரூட்டஸ் அறிக்கை வாசிப்பதுபோலக் காரணம், காரணம், காரணம் என்று அடுக்கட்டும், எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். கேட்டவர்களில் ஒருவன் 'இவரையே சீசராக்குவோம்' என்கிறான் பாருங்கள், எதற்காகக் கொன்றார்கள் என்பது அந்த ஆளுக்கு ஏறவே இல்லை! அந்தோணிக்கு மட்டும் அகவல் ஓட்டம் கொடுங்கள். சீசரின் உயிலைக் காட்டுவான், படிக்கமாட்டான். மேலங்கியில் ஒவ்வொரு கிழிசலையும் காட்டி இது காசியஸ் குத்தியது, இது காஸ்கா, இது புரூட்டஸ் என்பான். கொலை நடந்தபோது அவன் அங்கே இல்லவே இல்லை, வெளியே கூட்டிப்போயிருந்தார்கள், எந்தக் கிழிசல் யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? யாரும் கேட்பதில்லை. கூட்டம் தீ வைக்க ஓடும்போது 'உயிலை மறந்துவிட்டீர்களே' என்று அவனே திரும்பக் கூப்பிட்டு ஊராருக்கு ஆளுக்கு 75 திராக்மா காசு என்று வாசிப்பான்.

போனஸாக ஒன்று. முதல் காட்சியில் செருப்புத் தைப்பவன் ஆங்கிலத்தில் ஒரு சிலேடை சொல்வான், ஆன்மாவுக்கும் செருப்பின் அடிக்கும் அங்கே ஒரே ஓசை. மொழிபெயர்க்க முடியாது என்று விட்டுவிடாதீர்கள். "நான் கெட்ட உள்ளங்களைச் சீர்படுத்துபவன் ஐயா" என்று நிறுத்தட்டும், அதிகாரி முறைத்ததும் "உள்ளங்கால்களை" என்று முடிக்கட்டும்.

தண்ணீர்மலை_வாசி எழுதியது:

அக்கா, உள்ளங்காலுக்கு ஒரு கும்பிடு. அண்ணே, வாத்தியார் ஐயா, எல்லாருக்கும் நன்றி. பழைய_கணக்கு, ஐந்தாம் அங்கத்தை வெட்டவில்லை, ஆனால் போரை மேடைக்கு வெளியே உறுமியில் முடித்துவிட்டோம்.

நேற்று ஒத்திகை. கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்பதால் மூன்று பேரைப் பார்வையாளர் நாற்காலிகளுக்கு நடுவே உட்காரவைத்தேன், அங்கிருந்தே கத்தட்டும், பக்கத்தில் இருப்பவரும் கூட்டம் ஆகிவிடுவார் என்று. குங்குமம் அபாரம், அந்தோணியின் கை மணிக்கட்டு வரை சிவந்துவிட்டது. பெரியவரிடம் ஆவிக் காட்சியைப் பற்றிச் சொன்னதும் கோபம் போய்விட்டது, காதுக்கு எப்படிக் கை வைப்பது என்று மூன்று விதம் காட்டினார்.

பிறகு பிணமாகப் படுத்தார். அந்தோணி நான்காவது 'கண்ணியவான்' சொல்லி நிறுத்தினான், யாரும் மூச்சு விடவில்லை. மேலங்கியைக் காட்டி, உயிலைக் காட்டி, கடைசியில் கிராப் ஓட்டுகிற பையன் பின்வரிசையிலிருந்து "கண்ணியவானாம்!" என்று போட்டான் பாருங்கள், வேட்டிக்குக் கீழே சீசரின் வயிறு குலுங்க ஆரம்பித்துவிட்டது. மூன்று தடவை எடுத்தோம், மூன்று தடவையும் பிணம் சிரித்தது. அடுத்த சனிக்கிழமை அந்தக் காட்சிக்குத் தலையணை கொண்டுவருகிறேன். ஆவிக்கு மட்டும் அவர்.